கைகுலுக்கி வாங்கிய வீடு

சுரங்கத்துக் கழிவு அணை உடைந்து பாலத்தை அடித்துக்கொண்டு போனதே, பள்ளிக்கூடத்துக் கூரையைக் காற்று தூக்கியதே, அந்த வருஷம்தான் நாம் வர்ஜிலிடம் நம் வீட்டை வாங்கினோம்.

அன்புள்ள ஓமா, உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் இங்கே எண்ணெய்க் கிணற்று முகாமில் நலம். நான் சொல்லச் சொல்லச் சமையல்காரர் எழுதுகிறார்.

பயப்பட ஒன்றுமில்லை. செத்துப்போன வர்ஜிலின் மகன் டெல்பர்ட் நேற்று போன் பண்ணினான். "பெரியவரே, புதுச் சட்டம் வந்திருக்கு. வீட்டுக்காரனே தவணைக்கு வித்தா அரசாங்கம் ஜாமீன் நிக்குது, எனக்கு வரியிலயும் கழிவு. கசக்குமா?" என்றான்.

"அப்ப பத்திரம் எழுதிக் குடுடா!"

"அப்பா நோட்டுல வாடகைன்னுல்ல இருக்கு! வித்ததைக் கண்ணால பாத்தவங்க வெள்ளிக்கிழமைக்குள்ள கோர்ட்டுல வந்து சொல்லணும். இல்லாட்டி வேற ஆளுக்கு வித்துருவேன்."

நம் பக்கத்து வழக்கப்படி கைகுலுக்கினால் போதும் என்று இருந்துவிட்டோம். இருபது வருஷம் கட்டிய தவணை வாடகையாகிவிடும் போலிருக்கிறது. மனைவி சாட்சி செல்லாதாம். நேற்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. கடிதத்தை நீளமாக எழுது, இங்கே பேச ஆளில்லை.

தபால் வண்டி கிளம்புகிறது. அன்று கைகுலுக்கியதைப் பார்த்து வாசலில் நின்ற பாதிரியாரும் போய்விட்டார், தபால்காரர் பர்லும் போய்விட்டார். கோபப்படாதே ஓமா. உங்கள் அம்மாவின் போர்வைக்காகப் பதினோரு வருஷமாகப் பேசாமல் இருக்கிறாயே, உன் அக்கா வெர்னா, அன்று பார்த்தவர்களில் அவள் ஒருத்திதான் இன்னும் உயிரோடு இருக்கிறாள்.