முன்பெஞ்சுக் கயிறு

ஜூன் 11, புதன்

விடாத மழை. கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் பாதிப் பிள்ளைகள்கூட இல்லை. தொட்டில் துணி ஒன்றும் காயவில்லை.

மத்தியானம் கொழும்பிலிருந்து மரபுரிமைக்காரர்கள் மறுபடி எங்கள் வேதக் கோயிலுக்கு. வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய கோயிலாம், தேக்குப் பெஞ்சாம், நாட்டுக்கே சொத்தாம். முன்பெஞ்சுகளில் பித்தளைத் தகட்டில் செத்த துரைமார் பெயர். அவற்றைச் சுற்றிக் கயிறு. இனி யாரும் உட்காரக் கூடாதாம். இத்தனை வருஷமும் நாங்கள் உட்கார்ந்துதான் அந்தப் பெஞ்சு பளபளக்கிறது.

பின்பக்கக் கூரை ஒழுகுவதைக் காட்டினேன். தகரம் அடித்தால் பழைய அழகு கெட்டுவிடும் என்றார் வந்தவர்களில் கண்ணாடிக்காரர். நனையப்போவது அவரா?

வாசலில் பலகை வைக்கப் போகிறார்களாம். துரைமார் காலத்தில் எங்கள் ஆட்கள் பின்சுவரோரம் தரையில் உட்கார்ந்ததையும் எழுதுவீர்களா என்று அவரிடமே கேட்டேன்.

"அது வேணாம் அம்மா. வர்றவங்க மனசு சங்கடப்படும்."

சனிக்கிழமை என் மகள் ஜெனிட்டாவுக்குக் கல்யாணம். பெண்ணைப் பெற்றவள் எங்கே உட்காருவது?

வாங்க: சீனி, ஊக்கு, சவுக்காரம், வாளி (கோயிலுக்கு).

ஜூன் 12, வியாழன்

மழை. போதகரைப் பார்த்தேன்.

"ஒரு நாளைக்குத்தானேம்மா, பின்னாடி ஒக்காந்துக்கங்க. செவத்துக்கு வெள்ளையடிச்சுத் தர்றதா சொல்லியிருக்காங்க."

"பொண்ணோட அம்மா பின்னாடியாங்க?"

"ஆண்டவர் எல்லா எடத்துலயும்தான் இருக்காரு."

அப்படியானால் பிரசங்கத்தையும் வாளிக்குப் பக்கத்தில் நின்று பண்ணலாமே. வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஊக்கு கிடைக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

கோயிலில் பூக் கட்டினோம். நாத்தனார் பாக்கியம், லயத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும். கயிற்றைப் பார்த்தார்கள். யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பின்சுவரோரம் பாய் விரிக்கத் தொடங்கினார்கள். சொட்டுகிற இடத்தில் வாளி.

"ஏன் இங்க விரிக்கிற?"

"கயிறு கட்டியிருக்காங்களே அண்ணி."

கொழும்புக்காரன்மேல் இருந்த கோபம் எல்லாம் இவர்கள்மேல் திரும்பியது. துரை போய் எத்தனை காலம். ஒரு முழக் கயிறு போதும், தானாகப் பின்னால் போகிறோம். வீட்டுக்கு வந்து அழுதேன். ஆத்திரத்தில்.

கணவர் செல்வம்: "கல்யாணத்துல சண்ட வேணாம். பேசாம இரு."

சரி, பேசவில்லை.

ஜூன் 14, சனி

மழை. எல்லாருக்கும் முன்னால் போனேன். செல்வம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தி கைப்பையில். ஒரே இழுப்பு, கயிறு அறுந்தது. ஒரு துரையின் தகட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன்.

கூட்டம் வந்து பின்னால் நின்றது. போதகர் முறைத்தார். நானும் முறைத்தேன். ஜெனிட்டா உள்ளே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் பாக்கியம் ஈரச் சேலையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கடைசியாகச் செல்வம், தலையைக் குனிந்துகொண்டு.

நல்ல கல்யாணம். கேக் போதவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

வெயில். வீடு வெறிச்சென்று. கோயில் கயிற்றில் ஆட்டைக் கட்டினேன்.

ஆராதனையில் முன்பெஞ்சில் நானும் பாக்கியமும் மட்டும். மற்றவர்கள் எல்லாம் பின்னால், பாயில்.

"கொழும்புலருந்து புதுக் கயிறு வருதாம் அண்ணி," என்றாள் பாக்கியம், காதோடு.

வரட்டும். இன்னொரு ஆடு சும்மாதான் திரிகிறது.