கேளம்பாக்கத்தில் வாசித்த ஓலை

ஜூலை 10, திங்கள்

காலையில் தூறல். சட்டைக்குப் பொத்தான் துளை, காஜா எடுப்பது பாதியில் நிற்கிறது. இரண்டு தரம் வாந்தி. மூன்று மாதம். என் வீட்டுக்காரரோடு ஆறு வருஷம் இருந்தும் தங்காதது இப்போது. அவர் போய் வருஷம் திரும்பியதுதான். படத்தைப் பார்க்கக் கூச்சம். சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கவும் மனசில்லை.

அருளுக்கு மட்டும் தெரியும். அவர் டெய்லர் கடைக்குத்தான் காஜா எடுக்கிறேன். வீட்டுக்காரரின் சிநேகிதர். சவப்பெட்டி தூக்கியவர். எனக்கும் சிநேகிதர்தான். அண்ணா அண்ணா என்றே கூப்பிட்ட வாய். இப்போது எப்படிக் கூப்பிடுவது? "இந்தாங்க" என்று ஒப்பேற்றுகிறேன்.

ஜூலை 12, புதன்

நல்ல வெயில். போன ஞாயிறு எங்கள் மாதா கோயிலில் எனக்கும் அருளுக்கும் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. வரும் ஞாயிறு அருளின் ஊரான கேளம்பாக்கத்திலும் வாசிப்பார்கள். தடை தெரிந்தவர் சொல்லலாம். நானும் வருகிறேன் என்றேன் அருளிடம்.

"நான் கூடப் போகல. கல்யாணத் துணி அவசரம். நீ எதுக்கு?"

"உங்க அக்காவையாவது பாக்கறேன்."

"அப்புறம் பாத்துக்கலாம் லில்லி."

கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். வெட்டத் துணி ஒன்றும் இல்லை.

என்னை ஏன் யாருக்கும் காட்டவில்லை? அங்கே ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாளோ.

ஜூலை 14, வெள்ளி

மண்ணெண்ணெய். வெள்ளை நூல்கண்டு. குழாயடியில் பக்கத்து வீட்டு ராணியக்கா.

"இன்னாடி, உன் ஆளு வாரா வாரம் கேளம்பாக்கம் போய்கினு கீறாரு? அங்க இன்னா கீது?"

"அவரு அக்கா வூடு."

"அக்காவோ, யாரோ!" சிரிப்பு வேறு.

பொத்தான் வைக்க அருள் தந்த அவர் சட்டை. பையில் கமர்கட் மிட்டாய். யார் பிள்ளைக்கு? தூக்கம் போச்சு.

ஜூலை 16, ஞாயிறு

தலைவலி என்று அருளிடம் பொய். விடிந்ததும் பஸ் ஏறி, மாறி, கேளம்பாக்கம். முக்காடு போட்டுப் பெண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்தேன். பூசை முடிவில் சாமியார் வாசித்தார். அருளப்பன். விதவை லில்லி. யார் எழுந்திருப்பாள் என்று ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். எவளும் இல்லை.

வெளியே வரும்போது எனக்கு முன்னால் போன பருத்த அம்மாள், கூட வந்தவளிடம்:

"என் தம்பி புத்தி போச்சு பாரு. வாரா வாரம் வந்து கெஞ்சறான், அவள ஏத்துக்க, அக்கானு. ஆறு வருஷம் குடும்பம் நடத்தி ஒரு புழு பூச்சி இல்ல. மலடியப் போய்…"

"சாமியாராண்ட போய்த் தடை சொல்லேன்."

"சொல்லத்தாம் போறேன். இப்பவே."

அருளின் அக்கா. அவர் என்னிடம் ஒளித்தது இந்தப் பேச்சைத்தான். பிள்ளை விஷயத்தை வாய்விடவே இல்லை அந்த மனுஷன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு இத்தனை ஏச்சு ஏது? என் மானத்துக்காக வாங்கிக்கொண்டார். நானோ அவர் சட்டைப் பையைத் துழாவி, அக்கா பிள்ளைகளுக்கு வாங்கிய கமர்கட்டுக்குச் சந்தேகப்பட்டேன்.

ஓடிப்போய் முந்தானையைப் பிடித்தேன்.

"அக்கா, நான்தான் லில்லி." காதோடு சொன்னேன், "மூணு மாசம்."

தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பார்வை வயிற்றில் வந்து நின்றது.

"யாருது?"

"உங்க தம்பிது."

நம்பினாளா, தெரியவில்லை. கூட வந்தவளை "நீ போ" என்று அனுப்பினாள். சாமியார் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னை.

"காலைல இன்னா துன்ன?"

"ஒண்ணும் இல்ல."

"இன்னா லட்சணம்டி இது, வயித்துப் புள்ளயோட பட்டினி? நட வூட்டுக்கு."