கறுப்பு வண்டியின் பானெட்

மார்ச் 3, செவ்வாய்

மகள் போனில் ஏதோ வைத்துத் தந்திருக்கிறாள். பேசினால் அதுவே எழுதிக்கொள்ளுமாம். எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாத எனக்கு இது. சொன்னதை நானே படிக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறேன்.

இன்றைக்கு ஒரு டீச்சரம்மாவின் கறுப்பு வண்டி பாலிஷுக்கு வந்தது. உடம்பெல்லாம் வட்ட வட்டமாகக் கீறல். பெயின்ட் ரொம்ப மெத்து, நகம் பட்டாலே கோடு விழும். பட்டறை மாப்பிள்ளையுடையது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. போன மாசம் நீங்க பண்ணின ரெண்டு வண்டி திரும்பி வந்துச்சு. இதுவும் சரியா வரலேன்னா பாலிஷ் மெஷினை நீங்க கீழ வச்சிடலாம்."

வைத்துவிட்டு? அவர் வீட்டு சோபாவில் ஓரமாக உட்கார்ந்திருப்பதா?

மார்ச் 4, புதன்

பானெட் இரண்டு தடவை. மெல்லிய பஞ்சு வட்டு, குறைந்த வேகம், கையால் அழுத்தவே இல்லை. பேஸ்டைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் புகை படிந்த மாதிரி பொடிக் கோடுகள். இரண்டு தடவையும் அதே.

முப்பத்தொன்பது வருஷத்தில் தேய்த்த வண்டி ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. ஒரு பச்சை வேனின் இடது கதவில் சாவியால் கிழித்த கோடு, ஒரு முழம் நாலு விரல். ஞாபகம் இருந்து என்ன — கண் போய்விட்டதா, கை போய்விட்டதா?

மார்ச் 5, வியாழன்

கோபம். கம்பளி வட்டை மாட்டினேன். மெத்து பெயின்டில் எவனாவது கம்பளி போடுவானா? போட்டேன். அழுத்தினேன். டிங்கர் வேலை செய்கிற பையன், ஆணி என்று கூப்பிடுவோம், பார்த்துவிட்டு, "பெரியவரே, தேச்சுத் தேச்சு சைக்கிளாக்கிடாதீங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்புறம் பானெட் ஓரத்தில் வெள்ளைக் கம்பளியில் கறுப்பு ஒட்டியது. மேல்பூச்சு போய்விட்டது, நிறத்தையே தொட்டுவிட்டேன். ஒரு விரல் நீளம். வேக்ஸ் தடவி மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 6, வெள்ளி

அந்த ஓரத்தில் இன்னொரு தடவை வேக்ஸ் தடவினேன்.

மார்ச் 7, சனி

பானெட் நடுவில் மறுபடியும் பஞ்சு ஓட்டினேன். துடைப்பதற்குள் வேறு வண்டிக்கு இடம் வேண்டும் என்று கறுப்பு வண்டியை வாசலுக்குத் தள்ளச் சொன்னார்கள். தள்ளினோம். மழை கொட்டியது. திரும்ப உள்ளே கொண்டுவந்து காற்றடித்துத் தண்ணீரை விரட்டினால், பேஸ்ட் தானாகக் கழுவிப் போயிருக்கிறது. கூரையின் ட்யூப்லைட் பானெட்டில் பளிச்சென்று தெரிகிறது. ஒரு கீறல் இல்லை.

அப்படியென்றால் கெடுத்தது கை இல்லை. கண் இல்லை. துணி.

என்றைக்கும் என் பழைய பனியனைக் கிழித்துத்தான் துடைப்பேன். அதைவிட மெத்தென்ற துணி கிடையாது என்று நினைத்தவன். அதுவும் சந்தேகத்தில் அழுத்தி அழுத்தித் துடைத்திருக்கிறேன். மெஷினால் எடுத்த கீறலை நானே திரும்பப் போட்டிருக்கிறேன்.

இந்த மழை ரெண்டு நாள் முன்னாடி பெஞ்சிருந்தா என்னவாம்?

மார்ச் 9, திங்கள்

புது மைக்ரோஃபைபர் துணி. தண்ணீர் தெளித்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தேன். கதவு, டிக்கி எல்லாம் கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. மாப்பிள்ளை சுற்றிச் சுற்றி வந்தார். "மாமா, நான் சொன்னதை மறந்துடுங்க. மெஷின் உங்களுதுதான்."

அந்த ஓரம் அவர் கண்ணில் படவில்லை. வேக்ஸ் சில மாதம் தாங்கும். வெயிலில் வெளுக்கும்போது வண்டி எங்கேயோ, நான் எங்கேயோ. வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"மாப்ள, இங்க பாருங்க" என்று விரலை வைத்துக் காட்டிவிட்டேன்.

குனிந்து பார்த்தார். நிமிர ரொம்ப நேரமாயிற்று. மெஷினின் வயரைச் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மார்ச் 10, செவ்வாய்

"சொல்லாம இருந்திருக்கலாம்லப்பா?" என்றாள் மகள். டீச்சரம்மா நம்மை நம்பி விட்டுப்போன வண்டி. அதைச் சொன்னால் இவளுக்குப் புரியும்தான். ஆனால் சோறு போடச் சொல்லித் தட்டை நீட்டினேன்.

மார்ச் 13, வெள்ளி

பானெட்டுக்கு முழுசாகப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். டீச்சரம்மா இன்று வண்டியை எடுக்க வந்தார். நான் தேய்த்த கதவைத் திறக்குமுன் அதிலேயே முகம் பார்த்து நெற்றி முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் ஹோஸைப் பிடித்து ஒரு லாரியின் சக்கரச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா," என்றேன், "தண்ணி தெறிக்கும்."