ஏசி பஸ்ஸும் எட்டாத படியும்

மதினி,

புது பஸ்ஸின் வாசனை இன்னும் என் சேலையை விட்டுப் போகவில்லை. பிளாஸ்டிக்கும் சந்தனமும் சாம்பிராணியும் கலந்த வாசனை. போன வாரம் தலவாக்கலையில் தேங்காய் உடைத்து, மாலை போட்டு அதை ஓட விட்டார்கள். டிவி, போன் சார்ஜ் போட இடம், மெத்தென்ற சீட்டு, அதோடு ஏசி. நம் ஊர்க் குளிருக்கு ஏசி! நீங்கள் இருந்திருந்தால் அந்த விழா மேடைக்கு முன்னாலேயே வாய்விட்டுச் சிரித்திருப்பீர்கள்.

சிறுநீரகம் கெட்டு, ரத்தம் சுத்தம் செய்ய உங்களை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போன நாட்களை நினைத்தேன். அண்ணனுக்குத் தேயிலை மலையில் வேலை. கூட வர நான்தான். பழைய பஸ்ஸின் முதல் படி உங்கள் முழங்காலுக்கு மேலே இருக்கும். நான் கீழிருந்து தள்ள, நீங்கள் கம்பியைப் பிடித்துத் தொங்குவீர்கள். "ஏறுறதுக்கே தனியா ஒரு வைத்தியம் வேணும் புள்ள" என்பீர்கள்.

ஒருநாள் நோயாளிகளுக்கான சீட்டில் லீக்ஸ் காய்கறி மூட்டை உட்கார்ந்திருந்தது. எடுக்கச் சொன்னோம். கண்டக்டர் காதில் வாங்கவில்லை. நீங்கள் மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டீர்கள்.

"அம்மா, லீக்ஸ் நசுங்குது!" என்று கண்டக்டர் பதறினான்.

"நசுங்கட்டும் தம்பி. நான் இதவிட நசுங்கித்தான் ஆஸ்பத்திரியில இருந்து வர்றேன்."

பஸ்ஸே சிரித்தது. மூட்டை இறங்கியது.

ஆனால் அந்த ஐப்பசி மழை நாளில் யாரும் சிரிக்கவில்லை. சிகிச்சை முடிந்து நின்றுகொண்டே வந்தோம். நம் சந்தியில் இறங்க வேண்டும் என்று கத்தினேன். கூட்டத்தைத் தாண்டிக் குரல் போகவில்லை. இரண்டு வளைவு தள்ளி இறக்கிவிட்டுப் போனார்கள். ஒதுங்க ஒரு கூரை இல்லை. மழைத்தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினீர்கள். "நான் செத்தா பஸ்ஸுல மட்டும் கொண்டுபோயிறாதீங்க புள்ள. அப்பவும் நிக்க வச்சிருவாங்க" என்றீர்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. தை பிறக்கும் முன்னே போய்விட்டீர்கள். வேனில்தான் கொண்டுவந்தோம்.

இப்போது கேளுங்கள். இந்தப் புது பஸ்ஸின் படி பழையதைவிட உயரம். ஏசி என்பதால் ஜன்னல் திறக்காது. மலை வளைவில் பாதிப் பேருக்கு வாந்தி. அதற்கு மேல் டிவியின் அலறல். நம் தோட்டத்து ரோட்டில் திரும்ப முடியாத நீளம் என்பதால் சந்தியோடு சரி, தோட்டத்தின் மேல் டிவிசனில் குடியிருப்பவர்கள் நடக்க வேண்டும். சந்தியில் இன்றைக்கும் கூரை இல்லை.

பொறுக்க முடியாமல் பஸ் டிப்போவுக்குப் போனேன். அங்கே இருந்த ஐயா அன்பாகத்தான் பேசினார்.

"இவ்வளவு வசதி செஞ்சு குடுத்திருக்கோமே, வேற என்ன வேணும்?"

"டிவி வேணாங்க ஐயா. படிய எறக்குங்க. சந்தியில ஒரு கூரை போடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறவங்க உக்காந்து போகணும்."

"நீங்க எந்தச் சங்கம்?"

"சங்கம் இல்லீங்க. பஸ்ஸுல போற ஆள்."

மேலிடத்துக்குச் சொல்வதாகச் சொன்னார். மேலிடத்தில் யாராவது பஸ்ஸில் போகிறார்களா என்று கேட்டேன். போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். காத்திருந்தேன். வரவில்லை.

உங்களோடு பஸ் ஏறுவதற்கு முன் நான் வாய் திறந்து ஒரு கடையில்கூடப் பேரம் பேசியவள் இல்லை, மதினி. உங்கள் சேலைகளைத் தானம் கொடுத்துவிட்டோம். உங்கள் காதுத் தோட்டை அண்ணன் உங்கள் மகளுக்கென்று எடுத்து வைத்திருக்கிறார். எனக்கென்று நீங்கள் விட்டுப்போனது இந்தக் கோபம் ஒன்றுதான். திங்கட்கிழமை மறுபடியும் டிப்போவுக்குப் போகிறேன். இந்த முறை தனியாக இல்லை, மேல் டிவிசன் பெண்களும் வருகிறார்கள்.