நான் போட்ட பூட்டு

பேசாமல் இருந்தது போதும்.

போன வாரம் உன் மகள் அலுவிகாரையிலிருந்து ஒரு பழைய ஃபிளொப்பி டிஸ்க்கோடு வந்தாள். லேபிளில் உன் சாய்ந்த கையெழுத்து: 'வாப்பா சொன்னவை'.

"அங்கிள், எந்தக் கம்ப்யூட்டர்ல போட்டாலும் கட்டம் கட்டமாத்தான் வருது. ஒங்கக்கிட்ட கேட்டாத் தொறக்கலாம்னு வாப்பா மவுத்தாக முந்தி சொன்னாங்க."

நாம் இருவரும் சேர்ந்து எழுதிய தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் உன் தகப்பனார் சொன்ன கதைகளை நீ அடித்து வைத்தது அது. வேறெதிலும் திறக்காது. ஏன் என்பதை நீ சாகும்வரை அவளிடம் சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது.

மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்து அச்சகத்தின் மேல்மாடி அறை நினைவிருக்கிறதா? கீழே மெஷின் ஓடினால் நம் மேசையும் ஆடும். பலாபத்வல முதல் தம்புள்ளை வரை கலியாணக் கார்ட் அடித்த அச்சகங்கள் எல்லாம் நம் மென்பொருளைத்தான் வைத்திருந்தன. கோப்புகளை வேறு எந்த மென்பொருளும் வாசிக்க முடியாதபடி நான் பூட்டினேன்.

"அவங்கட எழுத்து நம்மட கையில மாட்டிக்கும் மச்சான். அது நல்லமில்ல" என்றாய்.

"மாட்டட்டும். அப்பதான் நம்மள விட்டுப் போக மாட்டாங்க."

"பெரிய கம்பனிக்காரன் மாதிரி பேசுற. ரூம்ல ஒரு ஃபேன் இல்ல!" என்று சிரித்தாய்.

பிறகு உண்மையான பெரிய கம்பனி வந்தது. அதன் மென்பொருள் புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஏற்றப்பட்டு வந்தது; யாரும் கேட்டு வாங்கவில்லை. நம்முடையதையும் போட்டு விற்கும்படி கேட்டு, கண்டியில் கம்ப்யூட்டர் இறக்குமதிக்காரரிடம் போனோம். "கம்பனியோட ஒப்பந்தம். வேற ஒண்ணும் போட ஏலாது" என்றார்.

அச்சகக்காரர்கள் ஒவ்வொருவராய் மாறினார்கள். பழைய கோப்புகளை எடுத்துக்கொண்டு போக என் பூட்டுக்குத் திறப்பு கேட்டார்கள். நீயும் கெஞ்சினாய். நான் கொடுக்கவில்லை. போகிறவர்கள் வெறுங்கையோடு போகட்டும் என்றிருந்தேன். போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு போட நீ அந்த இறக்குமதிக்காரரிடமே வேலைக்குச் சேர்ந்தாய். நீதான் நம்மை விற்றாய் என்று ஊரெல்லாம் சொன்னேன். நீ மறுக்கவில்லை. உன் ஜனாஸாவை அடக்க எடுத்த அன்றும் பள்ளிவாசலுக்கு எதிர்ப்பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

அந்தக் கம்பனியைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு எத்தனை கடிதம் எழுதினேன்! சந்தையை அடைத்துவிட்டார்கள் என்றேன். ஒரு வரியும் பொய்யில்லை, இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் அவர்கள் உலகத்துக்குச் செய்ததை நான் மாத்தளைக்குச் செய்தேன். அதை மட்டும் எழுதவில்லை.

நேற்று பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி டிஸ்க்கைப் போட்டேன். நம் மென்பொருளின் முதல் திரையில் என் பெயர் மட்டும் வந்தது. "என்ட பேரு எங்கடா?" என்று நீ ஒருமுறை கேட்டாய். அடுத்த பதிப்பில் போடுவதாகச் சொன்னேன். அடுத்த பதிப்பு வரவேயில்லை.

பிறகு உன் வாப்பா மிளகு மூட்டையோடு நாலந்தையிலிருந்து நடந்துவந்த கதை திறந்தது. முழுவதையும் எல்லாக் கம்ப்யூட்டரும் வாசிக்கும் எழுத்தாக மாற்றிவிட்டேன். பூட்டைத் திறக்கும் நிரலையும் சேர்த்திருக்கிறேன். எந்த அச்சகம் கேட்டாலும் உன் மகள் கொடுக்கலாம்.

நீ சொன்ன "நல்லமில்ல" மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது.

எல்லாவற்றையும் உன் வீட்டு விலாசத்துக்கே தபாலில் போடுகிறேன். யார் அனுப்பியது என்று உன் மகளுக்குத் தெரியும். ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. அந்தத் திரையில் உன் பெயர் இல்லை. இதில் என் பெயர் வேண்டாம்.