இருட்டைப் புகழ்ந்த பிள்ளைகள்

என் கோபக்காரத் தோழிக்கு,

நாலு வருடம் கழித்து எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழி!

நேற்று இரவு நம் ஜோம்பா ஊர்ப் பள்ளி மைதானத்தில் நம் தொலைநோக்கியை வைத்தேன். சனிக்கிரகம், வளையத்தோடு! வரிசையில் வந்த ஒவ்வொரு பிள்ளையும் குனிந்து பார்த்து, "என்னா அழகு மேடம்!" என்றது. நான் குதித்துக் குதித்துப் பேசிக்கொண்டிருந்தேன். இருபதாவதாக மயமிகோ என்றொரு வாலு வந்தாள்.

"மேடம், உள்ள ஒண்ணுமே இல்லியே. வெறும் இருட்டுதான்."

பார்த்தேன். பூமி சுற்றுகிற சுற்றில் சனி எப்போதோ குழாயை விட்டு நகர்ந்து போயிருந்தது! முன்பெல்லாம் நான் பேசப் பேச, சனி நழுவாதபடி குழாயைத் தள்ளிக்கொண்டே இருந்தவள் நீதானே? பெரியவர்களிடம் இல்லை என்று சொல்லத் தெரியாத நம் ஊர்ப் பிள்ளைகள் இருட்டைப் புகழ்ந்திருக்கிறார்கள்!

மறுபடி சனியைப் பிடித்து, மயமிகோவை முதலில் நிறுத்தினேன். அவள் போட்ட கூச்சலில் மாமரத்து வௌவால்கள் பறந்துவிட்டன.

நாலு வருடம் முன்பு நான் கண்டுபிடித்த வால்நட்சத்திரத்தைப் பார்த்து, "கண்ணாடில கறைடி" என்றாயே, அதற்குத்தானே நாம் சண்டை போட்டோம், தொலைநோக்கியின் அந்தக் கண்ணாடியை இன்று காலை அழுத்தித் துடைத்தேன். வால்நட்சத்திரம் போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமையும் பிள்ளைகள் வருகிறார்கள். என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. நீ வந்து குழாயைத் தள்ளு.

— உன்னோடு பேசாமல் இருந்தவள்