கருகின மேட்டில் ஒரு பிட்ச்

ஜூன் 1, ஞாயிறு

ஏழு மணிக்கே வெயில். ராஜகீழ்ப்பாக்கத்தில் பஸ் ஏறி, மேடவாக்கத்தில் மாறி, கோவிலம்பாக்கம். புது ஷூ போட்டுக்கொண்டு போனது தப்பு.

ஏரிக்கு மேலே புதர் மேடு. போன மாதம் அது எரிந்தபோது எங்கள் மொட்டை மாடியிலிருந்தே புகை தெரிந்தது. கிட்டே போய்ப் பார்ப்பது வேறு. எல்லாம் கறுப்பு. மிதித்தால் பொடி.

மேட்டைச் சரிசெய்ய வந்த வாலன்டியர்கள் பெரும்பாலும் காலேஜ் பசங்கள். வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். பொறுப்பு பிரபு அண்ணா. ஸ்கூலில் பி.டி. மாஸ்டர், எதற்கும் விசில். (இனி பி.அ.) கன்று நடுவோம் என்று நினைத்துப் போனேன். இப்போது வேண்டாமாம். வேர் உயிரோடு இருக்கிறதாம், தானே துளிர்க்குமாம். மழை வந்தால் மண் சரியாமல் இருக்க, சரிவுக்குக் குறுக்கே கல் வரப்பு போடுவதுதான் வேலை.

நடு மேட்டில் சிக்கல். முள் எரிந்து வெட்டவெளி ஆனதும் ஊர்ப் பையன்கள் பிட்ச் போட்டுவிட்டார்கள். கல்லெல்லாம் பொறுக்கி ஓரமாகக் குவித்திருக்கிறார்கள். கேப்டன் அன்பு. லோடு ஆட்டோ ஓட்டுகிறான், அம்மா மார்க்கெட்டில் மீன் விற்கிறார்கள். வரப்பு அந்த வழியாகப் போக வேண்டும் என்று பி.அ. சொன்னதும் அவன் சொன்னது:

"முள்ளா இருந்தப்ப ஒருத்தரும் வரல. நாங்க க்ளீன் பண்ணி வெச்சதும் வந்துகினு கீறீங்க."

அவர்கள் முன்பு ஆடின இடத்தில் இப்போது அபார்ட்மென்ட்.

ஜூன் 2, திங்கள்

கை தூக்க முடியவில்லை. கம்பெனியில் போல்ட் அளவு பார்க்கிற கேஜைப் பிடிக்கவே கஷ்டம். பக்கத்து டேபிள் ஜோதி என் நகத்தைப் பார்த்து, வீட்டில் விறகு அடுப்பா என்றாள். கதையைச் சொன்னேன். அவள் காலேஜ் டீமில் பௌலராம்! இத்தனை நாள் சொல்லவே இல்லை. ஞாயிறு வருகிறாள்.

அம்மா: அந்தச் சுடிதாரை வாஷிங் மெஷினில் போட்டால் நடக்கிறதே வேறு.

ஜூன் 8, ஞாயிறு

மேகமூட்டம். நல்ல காற்று.

மேட்ச் வைத்துக்கொள்ளலாம் என்று அன்புதான் ஆரம்பித்தான். நாங்கள் ஜெயித்தால் பிட்ச் காலி. அவர்கள் ஜெயித்தால் வரப்பு பிட்ச்சைத் தொடக்கூடாது. பி.அ. யோசிக்காமல் சரி என்றுவிட்டார். அவர் கபடி ஆள் என்பது டாஸ் போட்ட பிறகுதான் தெரிந்தது.

ஜோதி இரண்டு விக்கெட். அன்புவின் ஸ்டம்ப்பே எகிறியது, அவன் முகம் பார்க்கணும். என் பங்குக்கு ஒரு ரன் அவுட், எங்கள் ஆளையே. படு தோல்வி.

சொன்ன சொல்லுக்காக வரப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போட்டு, நடுவில் பிட்ச் அகலத்துக்கு விட்டுவிட்டோம். தண்ணீர் அந்த இடைவெளியைத்தான் தேடி வரும் என்றார் பி.அ. விசில்கூட ஊதவில்லை. ஒரு கிரிக்கெட் மேட்சுக்கு அழுகை வருமா? வந்தது. பஸ் ஸ்டாப்பில் ஜோதி என் ரன் அவுட்டை நடித்துக் காட்டினாள். சிரித்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

ஓ.டி. சாயந்திரம் இடியோடு பெருமழை. கம்பெனி இருக்கிற திருமுடிவாக்கம் முழுக்க கரண்ட் இல்லை. ஷெட் வாசலில் எல்லோரும் குளிர்ச்சியாக இருக்கிறது என்று கை நீட்டி நனைந்துகொண்டிருந்தார்கள். எனக்கு மேட்டு நினைப்பு.

ஜூன் 12, வியாழன்

லஞ்ச் நேரத்தில் புது நம்பர். அன்பு. பி.அ.விடம் நம்பர் வாங்கினானாம்.

"அக்கா, பிட்ச்ச காணோம்."

கலாய்க்கிறான் என்று நினைத்தேன். போட்டோ அனுப்பினான். பிட்ச் இருந்த இடத்தில் ஒரு ஆள் படுக்கிற மாதிரி பள்ளம், மண் மொத்தமும் ஏரியில். இரண்டு பக்கமும் வரப்பு போட்ட இடத்தில் மண் அப்படியே நிற்கிறது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டான். ஏழு என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஊர்ப் பையன்கள் எங்களுக்கு முன்பே வந்து பள்ளத்தில் கல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களே குவித்த கல். அன்புவின் அம்மா மீன் கூடையை வைத்துவிட்டு நின்று பார்த்தார்கள்.

"வூட்ல ஒரு கொடம் தண்ணி தூக்க மாட்டான். இங்க பாரு, பாறாங்கல்ல தூக்கிகினு கீறான்."

அவன் காது கேட்காத மாதிரி அடுத்த கல்லுக்குக் குனிந்தான்.

பள்ளம் மூடி, வரப்பை ஒன்று சேர்த்தாயிற்று. அப்புறம் பெரிய கேள்வி: இவர்கள் எங்கே ஆடுவது? ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அடிவாரத்தில் ஏரிக்கரைப் பக்கம் சமதரை இருக்கிறதே என்றேன். முழுக்க சீமைக்கருவேலம். எப்படியும் வெட்டி எடுக்க வேண்டிய சனியன்தான். எல்லோரும் சேர்ந்து வெட்டுவது என்று முடிவு. பி.அ. விசில்.

வாங்க: கையுறை, பிளாஸ்திரி, எலுமிச்சம்பழம், பழைய ஷூவுக்கு லேஸ்.

ஜூன் 22, ஞாயிறு

முள். முள். முள். இடது முழங்கை, வலது கணுக்கால், இன்னும் சொல்ல முடியாத இடம். தரை தெரிய ஆரம்பித்தது. ஜோதியும் அன்புவும் யார்க்கர் எப்படிப் போடுவது என்று வெட்டிக்கொண்டே சண்டை.

ஜூன் 29, ஞாயிறு

ராத்திரி தூறல். மண் வாசனை.

களாச்செடி துளிர்த்துவிட்டது! கரிக்கட்டை மாதிரி நின்ற கட்டையின் அடியில் சிவப்பாக, விரல் நகம் அளவுக்கு இலை. வரப்பு ஓரமாக வரிசையாக. எல்லோரும் மண்டியிட்டு போட்டோ. அன்பு மட்டும் போன் பேசுகிற மாதிரி நடித்துக்கொண்டே எடுத்தான்.

புது கிரவுண்டில் முதல் மேட்ச். இரண்டு கூட்டத்தையும் கலந்து பிரித்தார் பி.அ. ரூல் போட்டது அன்பு: மேட்டுப் பக்கம் தூக்கி அடித்தால் சிக்ஸ் இல்லை, அவுட். பந்து எடுக்க யாரும் செடிக்குள் ஓடக்கூடாது.

அரை சதத்துக்கு ஒரு ரன் இருக்கும்போது அவனே தூக்கினான். கீழ் வரப்பைத் தாண்டிப் போய் விழுந்தது. பி.அ. விரலைத் தூக்கினார். காற்று தள்ளிவிட்டது என்றான். இன்று காற்றே இல்லை. கொஞ்ச நேரம் வாதாடினான், ஜோதி சிரித்ததும் நிறுத்தினான். பேட்டை என்னிடம் கொடுத்துவிட்டு மேலே போனான். மண்ணில் கால் படாமல், வரப்புக் கல் மேலேயே ஒவ்வொரு அடியாக வைத்து, எட்டிக் குனிந்து பந்தை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

அடுத்தது நான். முதல் பந்திலேயே போல்டு.